சின்னச் சாமானுக்கு உறை கட்டாயமா?

கேள்வி — 7 ஜூன் 2025

"புதுப் போன் வாங்கினேன். கடையை விட்டு வெளியே வருவதற்குள் டெம்பர் கிளாஸ், பேக் கவர், கேமரா ரிங், கேபிள் நுனிக்கு ஒரு ரப்பர் என்று தனியாக ஒரு பில் ஏறிவிட்டது. மெல்லிசு, லேசு என்று சொல்லித்தான் விற்றார்கள். எல்லாம் மாட்டியபின் என் பழைய போனைவிடத் தடியாக இருக்கிறது. கையில் வைத்துப் புழங்குகிற சாமானுக்கு இவ்வளவு கவசம் தேவையா, இல்லை நாமே பயந்து மாட்டிக்கொள்கிறோமா?"

7 ஜூன், இரவு

தேவைப்படக் கூடாது. என் பதில் அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு போன் சர்வீஸ் கடையில் சில வருஷம் வேலை பார்த்தேன். மேசைக்கு வந்ததில் பெரும்பாலானவை டிஸ்ப்ளே உடைந்த போன்கள். கொண்டுவருகிறவர்கள் போனை நீட்டும்போதே "கவர் போடாம விட்டுட்டேன்" என்பார்கள், தப்புப் பண்ணிவிட்டவர்கள் மாதிரி. குனியும்போது சட்டைப் பையிலிருந்து நழுவும், பஸ்ஸில் கை தட்டி விழும், தூக்கத்தில் கட்டிலிலிருந்து சரியும். இதெல்லாம் நடக்கும் என்று செய்கிற கம்பெனிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் விழுந்தால் உடைகிற மாதிரி செய்துவிட்டு, உடையாமல் காப்பாற்றும் செலவை வாங்குகிறவர் தலையில் கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2003-ல் வந்த நோக்கியா 1100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி உள்ளே போகாதபடி பட்டன்கள் எல்லாம் ஒரே ரப்பர் விரிப்பாக இருக்கும். வேர்த்த கையிலும் நழுவாத பக்கவாட்டுப் பிடி, தலையில் டார்ச். நம் ஊர் மாதிரியான புழுதியும் வேர்வையும் மின்வெட்டும் உள்ள இடங்களுக்கு என்று யோசித்துச் செய்த போன் அது. அதற்கும் பவுச் விற்றார்கள், பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிந்தோம். ஆனால் பவுச் இல்லாவிட்டால் போன் போய்விடும் என்று யாரும் பயப்படவில்லை.

8 ஜூன்

"அப்போது டச் ஸ்கிரீன் கிடையாது, இப்போது முகம் முழுக்கக் கண்ணாடி, ஒப்பிடுவது நியாயமில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

2007-ல் ஐபோன் வந்தபோது திரைக்கு முதலில் பிளாஸ்டிக்தான் போடுவதாக இருந்தது. சாவியோடு ஒரே பையில் கிடந்தால் கீறல் விழுகிறது என்று விற்பனைக்கு முன் கண்ணாடிக்கு மாறினார்கள். பிளாஸ்டிக் கீறும், ஆனால் நொறுங்காது. கண்ணாடி சுலபத்தில் கீறாது, ஆனால் நொறுங்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள், உலகமே பின்னால் போனது.

அந்தக் கண்ணாடியும் லேசுப்பட்டது இல்லை. சுமார் 400 டிகிரி சூட்டில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுக்கிறார்கள். கண்ணாடியின் மேல்தோலில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். மேற்பரப்பு எப்போதும் அமுங்கிய நிலையிலேயே இருப்பதால் விரிசல் சுலபத்தில் திறக்காது. அதற்கும் எதிரி உண்டு: மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கல், வைரம் அளக்கிற கடினத்தன்மை அளவில் 7. போன் கண்ணாடி பெரும்பாலும் 6-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். மெரினாவில் உட்கார்ந்துவிட்டு வந்த பேன்ட் பையில் போனை வைத்தால் சாவி செய்யாததை மணல் செய்யும். அந்தக் கீறலிலிருந்துதான் அடுத்த முறை விழும்போது விரிசல் கிளம்புகிறது. முன்பக்கத்துக்கு ஒரு மலிவான கண்ணாடி ஒட்டிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

முதுகுக்கு எதற்குக் கண்ணாடி என்பதுதான் என் கேள்வி. வயர்லெஸ் சார்ஜிங்குக்கு உலோகம் ஆகாது, சரி. பிளாஸ்டிக் ஆகுமே? பிளாஸ்டிக் முதுகு வைத்த போன்களும் வயர் இல்லாமல் சார்ஜ் ஆகின்றன.

8 ஜூன், இரவு

டெம்பர் பற்றி ஒரு விஷயம், கடையில் ஏமாறாமல் இருப்பதற்காக. அட்டையில் 9எச் என்று போட்டிருப்பதைப் பலர் கல், வைரம் அளக்கிற அளவில் 9 என்று நினைக்கிறார்கள். அது பென்சில் அளவு. பெயின்ட், பூச்சு வகைகளைச் சோதிக்க 9பி-யிலிருந்து 9எச் வரை பென்சில்களால் கீறிப் பார்ப்பார்கள், அதில் கடைசி பென்சிலுக்கும் கீறல் விழவில்லை என்று பொருள். மணலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 11டி, 21டி என்று அடித்திருப்பதற்கு எந்தத் தர நிர்ணயமும் கிடையாது, ஓரம் வளைந்திருக்கிறது என்று சொல்ல வைத்த பெயர். விலையை ஏற்ற மட்டும் உதவும்.

12 ஜூன்

"கவர் போட்டால் போன் புதுசாகவே இருக்கும்" என்று எழுதியவருக்கு.

ரொம்ப நாள் கழற்றாத ஒரு பேக் கவரை மேசை விளக்குக்குக் கீழே கழற்றிப் பாருங்கள். நான்கு மூலையிலும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். வேர்வையில் ஊறிய தூசியும் துணிப் பஞ்சும் சேர்ந்த பசை அது. பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் சுருளாக வரும், விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அந்த நறநறப்புதான் மணல். கவருக்கும் போனுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்தத் துகள், ஒவ்வொரு முறை போனை அமுக்கிப் பிடிக்கும்போதும் பாடியை அரைத்துக்கொண்டே இருக்கும். வால்யூம் பட்டனைச் சுற்றி, கவரின் விளிம்பு எந்த வளைவில் ஓடுகிறதோ அதே வளைவில் பெயின்ட் போயிருக்கும். வாடிக்கையாளரிடம் காட்டினால் நம்பமாட்டார்கள். "நான் ஒரு நாள்கூட கவரைக் கழட்டலையே" என்பார்கள். கழற்றித் துடைக்காததால் வந்த தேய்மானம் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

கீழே விழுந்தால் கவர் காப்பாற்றும், மறுக்கவில்லை. மூலை அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். திரையைவிட விளிம்பு கொஞ்சம் உயரமாக இருந்தால் குப்புற விழுந்தாலும் தப்பும். ஆனால் புதுசாகவே வைத்திருக்கும் என்ற வாக்குறுதி வேறு, உடையாமல் காப்பது வேறு.

13 ஜூன்

காதில் மாட்டும் இயர்பட்ஸுக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு சிலிகான் உறை, அந்த உறைக்கு ஒரு கொக்கி வாங்கியிருப்பதாக ஒருவர் படம் போட்டார். கீழே இன்னொருவர், "அடுத்து கொக்கிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு இன்சூரன்ஸ்" என்று எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தேன். பெட்டியின் வேலையே உள்ளே இருப்பதைக் காப்பதும் சார்ஜ் ஏற்றுவதும்தான்.

15 ஜூன்

"மூக்குக்கண்ணாடிக்குக் கூடு இல்லையா, அதை யாரும் குறை சொல்வதில்லையே" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது.

மூக்குக்கண்ணாடிக் கூடு வைப்பதற்கானது. போட்டுக்கொள்ளும்போது கூடு மேசையில் கிடக்கும். கடையிலேயே கண்ணாடியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். போன் கவரோ உபயோகிக்கும்போதும் மேலேயே இருக்கிறது, நாம் தொடுவது போனை அல்ல, கவரை. இந்த இரண்டையும் பிரித்துப் பேசினால் பாதி விவாதம் தீர்ந்துவிடும். முதல் வகைக்கு நான் எதிரி இல்லை. புத்தகம் படிக்கிற ஈ-இங்க் கருவி வைத்திருப்பவர்கள் கட்டாயம் மூடி வாங்குங்கள். அந்தத் திரைக்கு உள்ளே பெரும்பாலும் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கும். பைக்குள் டிபன் பாக்ஸ் மூலை அழுத்தினால் போதும், மேலே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே உடைந்து கோடு கோடாக நிற்கும்.

அப்புறம் டிரான்சிஸ்டர் ரேடியோ ஞாபகம் வந்தது. எங்கள் தாத்தா வைத்திருந்ததில் தோல் உறை ரேடியோவோடு ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் வரிசையாகத் துளைகள், அலைவரிசைத் திருகுக்கு வெட்டு, தோளில் மாட்ட வார். உபயோகிக்கும்போதும் கழற்ற வேண்டாம். அது எப்படி எரிச்சல் தரவில்லை? ரேடியோவை வரைந்தபோதே உறையையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள், அதனால்தான். ரேடியோவின் விலையிலேயே அதுவும் அடக்கம்.

இதற்கு நேர் எதிர், நம் வீடுகளில் டிவி ரிமோட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை. எண்ணெய்க் கையும் குழந்தை எச்சிலும் உள்ளே போகக் கூடாது என்று மாட்டுவோம். நாளடைவில் உறை மங்கி, எந்தப் பட்டன் எது என்று தெரியாமல் அமுக்குவோம். அதைப் போடும் அம்மாக்களை நான் குறை சொல்லமாட்டேன். பட்டன் போய்விட்டால் அதே மாடல் ரிமோட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயத்தில் செய்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

18 ஜூன்

உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, நீங்க கடைக்குள்ள உக்காந்து பேசுறீங்க. மழையில பைக் ஹேண்டில்ல மாட்டி நாள் முழுக்க ஓட்டுறேன். கவரும் தண்ணி போகாத பவுச்சும் இல்லாட்டி எனக்குப் பொழப்பு இல்ல."

சரிதான் தம்பி. தொழிலுக்கு வேண்டிய உறை தொழில் கருவி. முதல் நாள் 'தேவைப்படக் கூடாது' என்று எழுதியதை இப்போது இப்படிச் சொல்கிறேன்: சாதாரணமாகப் புழங்குகிறவருக்குத் தேவைப்படக் கூடாது. உங்களுக்குத் தேவை.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹேண்டிலில் நேராக மாட்டும் ஸ்டாண்ட் என்ஜின் அதிர்வை அப்படியே போனுக்குக் கடத்துகிறது. கேமராவுக்குள் படம் ஆடாமல் இருக்க மிதக்கும் லென்ஸ் அமைப்பு உண்டு, அது தொடர்ந்த அதிர்வில் கெட்டுப்போகலாம் என்று 2021-ல் ஆப்பிள் கம்பெனியே எச்சரித்தது. படம் தெளிவில்லாமல், நடுங்கிக்கொண்டே தெரியும் போன்களை நானும் மேசையில் பார்த்திருக்கிறேன். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள். பழைய போன் ஒன்று இருந்தால் வழி பார்க்க அதை மாட்டுவது இன்னும் நல்லது.

21 ஜூன்

நேற்றிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்மார்ட்போன்களுக்குப் புது விதிகள் அமலுக்கு வந்திருக்கின்றன. நம் ஃபிரிட்ஜில் நட்சத்திர லேபிள் ஒட்டுவதுபோல அங்கே போனுக்கும் லேபிள். பேட்டரி எவ்வளவு நேரம், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதோடு, விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் ஏ முதல் இ வரை தரம் போட வேண்டும். மடக்காத போன் 45 முறை விழுந்தாலும் வேலை செய்ய வேண்டும். ஏ தரம் வேண்டும் என்றால் 270 முறை.

இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. விழுவது வாங்குகிறவரின் குற்றம் அல்ல, செய்கிறவர் கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. இந்தியாவிலும் வர வேண்டும்.

'மிலிட்டரி கிரேடு' என்று கவர் அட்டையில் போட்டிருக்கிறதே, அதுவும் இதுமாதிரிதானா என்று உடனே ஒரு கேள்வி வந்தது. இல்லை. அது அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்ற சோதனைத் தொகுப்பு. அதில் எந்தச் சோதனையைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பாஸானதாகச் சான்று தர ராணுவம் ஆள் அனுப்புவதில்லை. அதன் ஜி பதிப்பில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடச் சொல்கிறது. கான்கிரீட் மேல் விரித்த ஒட்டுப்பலகையில் போட வேண்டும், அந்த 26-ஐ ஐந்து கருவிகள் வரை பிரித்துக்கொள்ளவும் இடம் உண்டு. நம் வீட்டு மொசைக் தரையில் ஒட்டுப்பலகை கிடையாது.

22 ஜூன்

பழைய கதை இரண்டு. உறை என்பது சில சமயம் வடிவமைப்பில் விட்ட ஓட்டையை அடைக்கும் ஒட்டு என்பதற்காக.

2005-ல் வந்த ஐபாட் நானோ என்ற பாட்டுக் கேட்கும் கருவி சட்டென்று கீறல் விழுகிறது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2009-ல் 2.25 கோடி டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. அதில் ஒரு பிரிவினை: உறை இல்லாமல் நானோ வாங்கியவர்களுக்கு 25 டாலர், கூடவே உறை கிடைத்தவர்களுக்கு 15 டாலர். ஒரு உறைக்கு என்ன மதிப்பு என்று எழுத்தில் கணக்குப் போட்ட இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

2010-ல் ஐபோன் 4. ஓரத்து உலோகப் பட்டையே ஆன்டெனா. ஒரு குறிப்பிட்ட இடத்தில் கை பட்டால் சிக்னல் குறைந்தது. ஜூலையில் கம்பெனி கூட்டம் போட்டு, வாங்கிய எல்லாருக்கும் ஓரத்தைச் சுற்றி மாட்டும் பம்பர் என்ற உறையை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. கையில் பிடிக்கவே உறை தேவைப்பட்ட கைபேசி. அப்போதாவது இலவசமாகத் தந்தார்கள்.

26 ஜூன்

சூடு பற்றி யாரும் பேசவில்லை, நம் ஊரில் அதுதான் முக்கியம்.

பெரும்பாலான போன்களை 35 டிகிரி வரை உள்ள இடத்தில் உபயோகிக்கத்தான் சொல்கிறார்கள். மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ ஃபேன் காற்றே அதைத் தாண்டும். அதில் தடித்த கவரைப் போட்டு வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லை, பேட்டரியின் ஆயுள் குறையும். சார்ஜில் போடும்போது போன் கொதித்தால் கவரைக் கழற்றிவிடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

டிரான்ஸ்பரன்ட் கவர் மஞ்சளாவது அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறீர்களே, அது போகாது. டிபியூ என்ற அந்தப் பிளாஸ்டிக்கே வெயிலிலும் சூட்டிலும் வேதிமாற்றம் அடைகிறது.

வளைந்த திரைக்கு யூவி டெம்பர் ஒட்டுவோர் கவனிக்க: திரவப் பசையை ஊற்றிக் கண்ணாடியை வைத்து, நீல விளக்கால் இறுக வைப்பார்கள். கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டால் மேலே காது வைக்கும் ஸ்பீக்கர் வலைக்குள் இறங்கிவிடும். இறுகியபின் அதை எடுக்க முடியாது. காப்பாற்றப் போட்டதே கெடுத்துவிடும். கடைக்காரர் ஸ்பீக்கர் வலையை டேப் ஒட்டி மூடுகிறாரா என்று பார்த்துவிட்டுக் கையில் கொடுங்கள்.

துணைச் சாமானே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதற்கு ஒன்று. என் அம்மா காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார். சென்னைக் காற்றின் ஈரமும் காதோர வேர்வையும் அதற்கு எமன். இரவில் சிலிகா ஜெல் போட்ட ஒரு சின்ன டப்பாவில் வைத்து மூடுகிறோம். ஜெல் நிறம் மாறினால் காய வைக்கிறோம் அல்லது புதிது போடுகிறோம். உடம்பில் மாட்டும் கருவிக்கு ஈரம் வந்தே தீரும், அதற்கு ஓய்வு நேரத்தில் ஒரு டப்பா. இந்த மாதிரித் துணைச் சாமானை நான் மனதார வரவேற்கிறேன்.

30 ஜூன்

"அப்படியானால் கம்பெனி என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள், ஒவ்வொரு போனையும் செங்கல் மாதிரி செய்யவா?" என்று கேட்டதற்கு.

வேண்டாம். தோலை மாற்றிக்கொள்ளும்படி செய்தால் போதும்.

2000-ல் வந்த நோக்கியா 3310-ன் முன் பேனலையும் பின் பேனலையும் நாமே நகத்தால் கழற்றலாம். திரைக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் ஜன்னல் அந்த முன் பேனலின் பகுதி. அது கீறல் விழுந்து மங்கினால், பர்மா பஜாரில் புதுப் பேனல் வாங்கி மாட்டினால் போன் புதுசு. உண்மையான டிஸ்ப்ளே உள்ளே பத்திரமாக இருக்கும். அடி வாங்குவதற்கு என்றே ஒரு தோல், அது மலிவு, அது போனின் பகுதி.

1983-ல் கேசியோ ஜி-ஷாக் கைக்கடிகாரமும் இதையே வேறு வழியில் செய்தது. கிகுவோ இபே என்ற பொறியாளர், பந்து தரையில் குதிக்கும்போது அதன் நடுப்புள்ளி அடி வாங்குவதில்லை என்பதைக் கவனித்து, கடிகார இயந்திரத்தைச் சில புள்ளிகளில் மட்டும் தொடும்படி உள்ளே மிதக்கவிட்டார். வெளியே யூரிதேன் ஓடு. அதுவே உறை, அதுவே அழகு. ஓடு நைந்துபோனால் ஓடு மட்டும் வாங்கலாம். ஃபேர்போன் 2 என்ற டச்சுப் போன் 2015-ல் பின்மூடியையே ரப்பர் விளிம்போடு, திரையின் ஓரம் வரை ஏறிவரும்படி செய்தது. தனிக் கவர் வேண்டாம். திரையை ஸ்குரூ டிரைவர் இல்லாமல் வீட்டிலேயே கழற்றலாம்.

இப்போது மேசைக்கு வருவது என்ன? மேல் கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றையும் ஒன்றாக ஒட்டிய காம்போ. மேல் கண்ணாடியில் ஒரு முடி விரிசல் விழுந்தாலும் கம்பெனி சர்வீஸில் காம்போ முழுவதையும்தான் மாற்றுவார்கள். சில மாடல்களுக்கு அந்தச் செலவு போன் விலையில் பாதி வரை போகும். ஹாட் பிளேட்டில் சூடாக்கி, மெல்லிய கம்பியால் கண்ணாடியை மட்டும் அறுத்தெடுக்கும் கைவேலைக்காரர்கள் வெளியே இருக்கிறார்கள். அது நூலிழை தப்பினாலும் டிஸ்ப்ளே போய்விடும், எந்தக் கேரண்டியும் தர முடியாது. கவர் வியாபாரம் இவ்வளவு பெரிதாக நடப்பதற்கு இந்த ஒட்டுதான் அஸ்திவாரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேல் கண்ணாடியைக் குறைந்த விலைக்கு மாற்ற முடிந்தால், நம்மில் பாதிப் பேர் கவரைக் கழற்றிவிடுவோம்.

2 ஜூலை

கேள்வி கேட்டவருக்கு, நேரடியாக.

டெம்பர் இருக்கட்டும், ஓரம் தூக்கினால் மட்டும் மாற்றுங்கள். கேமரா ரிங்கைக் கழற்றுங்கள், அதன் பசை ஓரத்தில் தூசி சேர்ந்து படம் மங்கலாகும், இரவில் விளக்கொளி சிதறும். கேபிள் நுனி ரப்பர் உபயோகமானது, ஏனென்றால் கேபிளின் கழுத்தில்தான் வயர் முறியும். கவரை வாரம் ஒரு முறை கழற்றி, ஈரம் இல்லாத மெல்லிய துணியால் உள்பக்கத்தையும் போனின் மூலைகளையும் துடைத்துவிட்டுப் போடுங்கள். வீட்டில் இருக்கும்போது கழற்றியே வைத்துப் பாருங்கள். கை நழுவுகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த போன் வாங்கும்போது கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் "இதுக்கு டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அங்கேயே கம்பெனி சர்வீஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள், சில கம்பெனிகள் உதிரிபாக விலையைப் போட்டிருக்கின்றன. போட்டிருக்கும் கம்பெனிகளின் பட்டியலைத் தெரிந்தவர்கள் கீழே சேர்த்துக்கொண்டே வாருங்கள்.